நடுவில் நிற்பது எது?

ஆயக்குடியில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் பழனி மலைத்தொடர் தெரியும். கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடம் அந்த மலைமேல்தான். கொய்யாத் தோப்புக்காரர் ஒருவரிடம், 1,110 கோடி ஆண்டுகளுக்கு முன் கிளம்பிய அலையில் தண்ணீரின் அடையாளத்தைக் கண்டிருக்கிறார்கள் என்று சொன்னேன். “என் போர்ல எப்பங்க தண்ணி வரும், அதக் கேட்டுச் சொல்லுங்க” என்றார். கேலிதான். ஆனால் இந்தக் கேள்வி வானியலின் வரலாற்றுக்குள்ளேயே இருக்கிறது என்பது என் வாதம்.

2008இல் வயலெட் இம்பெல்லிசெரி குழுவினர், ஜெர்மனியின் எஃபெல்ஸ்பெர்க் 100 மீட்டர் ரேடியோ தொலைநோக்கியால், எம்ஜி ஜே0414+0534 என்ற குவாசாரிலிருந்து நீராவி உமிழும் நுண்ணலையைப் பிடித்தார்கள். மிக மெலிந்த சமிக்ஞை. நமக்கும் அதற்கும் இடையில் ஒரு விண்மீன் மண்டலம் நிற்கிறது. அதன் ஈர்ப்பு அலைகளை வளைத்து, குவாசாரை நான்கு பிம்பங்களாக்கிப் பெருக்கிக் காட்டுகிறது. இந்த ஈர்ப்பு வில்லை இல்லையென்றால் 14 மணி நேர வேலைக்கு 580 நாள் பிடித்திருக்கும். நடுவில் நிற்பது எவ்வளவு பெருக்குகிறது என்று கணக்கிட்ட பிறகே, அந்த நீரின் உண்மையான பிரகாசத்தைச் சொல்ல முடிகிறது.

இனி நம்ம மலைக்கு வருவோம். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் செத்தார்கள். 1877இல் நார்மன் லாக்கியரும் டபிள்யூ. டபிள்யூ. ஹண்டரும் சூரியப் புள்ளிகளுக்கும் பஞ்சத்துக்கும் முடிச்சுப் போட்டு எழுதினார்கள். பருவமழையின் ரகசியம் சூரியனில் இருக்கிறது என்ற இந்த நம்பிக்கையின் தொடர்ச்சியில்தான், 1893இல் முடிவாகி 1899இல் கொடைக்கானல் கூடம் எழுந்தது. 1909இல் எவர்ஷெட் விளைவு அங்கே கண்டறியப்பட்டது. அறிவியலுக்கு லாபம்தான், மறுக்கவில்லை. ஆனால் சூரியப் புள்ளிச் சொல்லாடலில் ஒருபுறம் சூரியன், மறுபுறம் பிணம். நடுவில் நின்ற அரசைக் காணோம். பஞ்ச காலத்திலும் தானியம் கப்பலேறியது. ரிச்சர்ட் டெம்பிளின் யோசனைப்படி நிவாரண வேலைக் கூலி வெட்டப்பட்டது. இவை சூரியப் புள்ளிகளல்ல.

குவாசாரை வாசிப்பவர்கள் இடையில் நிற்பதைப் பெயரிட்டு, எடைபோட்டு, கணக்கில் சேர்க்கிறார்கள். காலனிய வாசிப்பு அதை மட்டும் விட்டுவிட்டு, வானத்தைக் குற்றவாளி ஆக்கியது. இன்றும் கிணறு வறண்டால் ‘மழை பொய்த்தது’ என்று எழுதி முடித்துக்கொள்கிறோம். குளத்தை யார் மேடாக்கியது, யாருடைய மோட்டார் ஆயிரம் அடிக்குக் கீழே உறிஞ்சுகிறது என்று கேட்பதில்லை.

தோப்புக்காரர் வானத்தைப் பார்த்துக் கேட்கவில்லை. நடுவில் நிற்பது எது என்றுதான் கேட்டார்.