கழுந்தும் காடியும்

மயிலாப்பூர் மாட வீதிகளின் பக்கத்துச் சந்துகளில் எஞ்சி நிற்கும் பழைய வீடுகளின் கதவுகளை உற்று நோக்குவோருக்கு, நம் தச்சர்கள் மரத்தின் சுபாவத்தை எத்தனை நுட்பமாக அறிந்திருந்தார்கள் என்பது பிரத்யட்சமாக விளங்கும். நெடுஞ்சட்டமும் குறுக்குச்சட்டமும் கூடுகிற மூலையில், ஒன்றின் முனையைக் கழுந்தாகச் சீவி, மற்றதில் உளியால் துளை எடுத்து, கொட்டாப்புளியால் தட்டி இறுக்கி, ஊடே ஒரு முளையையும் அடித்து நிரந்தரமாக்கினார்கள். ஆனால் நடுவிலுள்ள பலகையை மட்டும் எங்கும் ஒட்டாமல், சட்டத்தின் உட்புறம் வெட்டிய காடிக்குள் சற்றே தளர்வாக நிறுத்தினார்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஈரத்தைக் குடித்துப் பலகை அகலவாட்டில் பெருக்கும். அக்கினி நட்சத்திரத்தில் சுருங்கும். அந்த அசைவுக்குக் காடியில் இடம் இருந்தமையால் கதவு வெடிக்கவில்லை.

அந்நாளைய வீடுகளில் தனியே நிற்கும் அலமாரி அபூர்வம். சுவரில் மாடம், மேலே பரண், கூடத்தில் மரப்பெட்டி, நெல் கொட்டப் பத்தாயம் ஆகியவையே போதுமாயிருந்தன. 1920-களில் மாம்பலத்துப் பெரிய ஏரி தூர்க்கப்பட்டு, சர் பிட்டி தியாகராய செட்டியாரின் பெயரால் தியாகராய நகர் உருவாகி, பனகல் பூங்காவைச் சுற்றித் தோட்டத்தோடு கூடிய வீடுகள் எழுந்தபோதுதான், மத்தியதரக் குடும்பங்களில் பீரோவும் புத்தக அலமாரியும் பரவலாகப் புகுந்தன. அவற்றுக்குப் பர்மாத் தேக்கு கப்பலேறி வந்தது. 1942-இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றவே அவ்வழி அடைபட்டது.

தேக்கு அருகிய காலத்தில் தச்சர் கைக்கு வந்தது பிளைவுட். அஸ்ஸாமில் தேயிலைப் பெட்டிகளுக்காக முதலில் பயன்பட்ட இந்தப் பலகையைத் தெற்கே உற்பத்தி செய்யும் ஆலையொன்று 1945-இல் கண்ணூருக்கு அருகில் வளபட்டணத்தில் தோன்றியது. சுழலும் அடிமரத்திலிருந்து மெல்லிய தகடுகளாகச் சீவி, ஒன்றன் நார் நெடுக்கிலும் அடுத்ததன் நார் குறுக்கிலும் அமையுமாறு ஒற்றைப்படை எண்ணிக்கையில் அடுக்கி, பசையிட்டு வெப்பத்தில் அழுத்திச் செய்யப்படுவதால், ஒரு தகடு விரிய முயன்றால் அடுத்த தகடு அதைத் தடுத்துவிடுகிறது. பருவத்துக்குப் பருவம் அசையாத பலகை, தச்சுத்தொழிலின் நீண்ட சரித்திரத்தில் புதுமையான வஸ்து அல்லவா!

ஆரம்பத்தில் இதை மிகுந்த விவேகத்தோடு கையாண்டார்கள். தேக்குச் சட்டங்களைக் கழுந்திட்டுக் கூட்டி, காடிக்குள் பலகைக்குப் பதிலாக மெல்லிய பிளைவுட்டைச் செருகிய அலமாரிகள் என் அபிப்பிராயத்தில் நம் ஊர் செய்த மரச்சாமான்களில் மிகச் சிறந்தவை. பிறகு வேகம் வந்தது. வச்சிரப் பசையைக் காய்ச்சிச் சூட்டோடு தடவ வேண்டியிருந்த பட்டறைகளில், 1959-இல் விற்பனைக்கு வந்த ஃபெவிகால், காய்ச்சாமலே ஒட்டியது. தனி வீடுகள் இடிந்து அடுக்குமாடிகள் எழுந்தபோது, சட்டமே இல்லாமல் முழுப் பிளைவுட்டில் பெட்டியாகக் கூட்டி, மேலே மைக்கா ஒட்டும் வழக்கம் வேரூன்றியது. எட்டடிக்கு நாலடி பலகையை அறுத்து, விளிம்போடு விளிம்பு வைத்துப் பசை தடவி ஆணி அடித்தால் வேலை முடிந்தது என்றாகிவிட்டது.

இங்கேதான் தொழில் தன் ஞானத்தை இழந்தது. பிளைவுட்டின் விளிம்பில் பாதித் தகடுகளின் நார் குறுக்கே வெட்டுப்பட்டிருப்பதால் அவ்விடத்தில் பசை நன்றாகப் பிடிப்பதில்லை. அங்கே இறங்கும் ஆணியோ தகடுகளைப் பிளக்கிறது. கழுந்து செதுக்கினாலும் பயனில்லை, குறுக்கு நாருள்ள தகடுகள் அதற்கு வலுச் சேர்ப்பதில்லை. இப்பலகைக்கு உகந்தது பழைய காடியே. பதினெட்டு மில்லிமீட்டர் பக்கப் பலகையில் ஆறு மில்லிமீட்டர் ஆழம் காடி எடுத்து, தட்டின் முனையை அதில் இறுக்கமாகச் செருகிப் பசையிட்டால், பாத்திரங்களின் பாரத்தை ஆணி சுமப்பதில்லை, பலகையே சுமக்கிறது. தேக்குப் பலகையைக் காடியில் ஒட்டாமல் விட்டார்கள். அசைவில்லாத பிளைவுட்டை முழுவதும் ஒட்டலாம், ஒட்டவும் வேண்டும். மேல், கீழ் மூலைகளுக்கு, விளிம்பைப் படிபோல் குறைத்துச் சேர்க்கும் படிவெட்டு போதும். பின்புறத்தில் ஆறு மில்லிமீட்டர் பலகையைப் படிவெட்டில் பதித்து ஒட்டினால், மூலைமட்டம் பிசகாமல் பெட்டி நிற்கும். இரண்டரை அடிக்கு மேல் நீளும் தட்டுக்கு நடுவே ஒரு தாங்கு தேவை.

2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டு கோட்டூர்புரம் வீடுகளுக்குள் நுழைந்த வெள்ளம் நீரில் நிற்காத மலிவான பலகைகளைப் பரீட்சித்தது. காற்றின் ஈரத்தைத் தாங்கினாலும் நீரில் ஊறுவதைத் தாங்காத பசையால் ஒட்டிய தகடுகள் ஊறிப் பிரிந்தன. கடற்கரையை ஒட்டிய நம் பகுதிகளில், கொதிநீரைத் தாங்கும் பீனால் பசையிட்ட பி.டபிள்யூ.ஆர். ரகத்தை வாங்குவதும், அடியில் நாலங்குலக் கட்டை கொடுத்துத் தரையிலிருந்து உயர்த்துவதும் அவசியம்.

அலமாரி செய்யச் சொல்லும் அன்பர்கள், மைக்காவின் நிறத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன், தட்டுகளுக்குக் காடி எடுக்கும்படி ஆசாரியிடம் கேளுங்கள். அந்த வேலைக்கு ஒரு நாள் கூலி கூடுதலாகக் கேட்டால் மனமுவந்து கொடுங்கள்.