பாயில் ஹைட்ஸ்
லாஸ் ஏஞ்சலஸ் நகரில், அதே பெயருடைய ஆற்றுக்குக் கிழக்கே உள்ள பழைய குடியிருப்புப் பகுதி. 1875-இல் மனைகளாகப் பிரிக்கப்பட்டது. நகரின் பல பகுதிகளில் வெள்ளையரல்லாதோருக்கும், சிலவற்றில் யூதருக்கும் வீடு விற்கக் கூடாதென்று பத்திரங்களிலேயே தடை எழுதப்பட்டிருந்த காலத்தில், யூதர், மெக்சிக்கர், ஜப்பானியர், ரஷ்யர், ஆர்மீனியர், கறுப்பினத்தவர் எனப் பலரும் இங்கே அக்கம்பக்கமாக வாழ்ந்தனர். ரூஸ்வெல்ட் உயர்நிலைப் பள்ளியில் அவர்களின் பிள்ளைகள் ஒன்றாகப் படித்தனர்.

இந்தக் கலப்பு வாழ்வையே குறையாகக் கண்டது அரசு. 1939-இல் கூட்டாட்சி வீட்டுக்கடன் நிறுவனத்தின் வரைபடம் இப்பகுதிக்குச் சிவப்பு வண்ணம் பூசி, கடன் தரத் தகாத இடமென முத்திரை குத்தியது. 1942-இல், ஜப்பானுடனான போரின்போது, ஜப்பானியக் குடும்பங்கள் தடுப்பு முகாம்களுக்கு அனுப்பப்பட்டன. அமெரிக்காவிலேயே பிறந்த பிள்ளைகளும் தப்பவில்லை. போருக்குப் பின், வேறிடங்களில் வீடு வாங்க வழி பிறந்ததும் யூதர்கள் மேற்கே நகர்ந்தனர். நெடுஞ்சாலைகள் பல தெருக்களை விழுங்கின. இந்த மாற்றத்தைத் தானாக நடந்ததென்று சொல்வது வரலாற்றுக்குச் செய்யும் அநீதி.

1949-இல் மெக்சிக்க அமெரிக்கரான எட்வர்டு ராய்பல் இங்கிருந்து நகர மன்றத்துக்குத் தேர்வானது பல இனத்தவரும் சேர்ந்து திரட்டிய வாக்குகளால்தான். பின்னர் பாயில் ஹைட்ஸ் மெக்சிக்கர் பெரும்பான்மைப் பகுதியானது. இங்குள்ள புரூக்ளின் அவென்யூவுக்குச் சீசர் சாவேஸ் அவென்யூ எனப் பெயர் மாற்றப்பட்டது. 2009-இல் மெட்ரோ ரயில் வந்தது. வாடகை உயர்வும் கலைக்கூடங்களின் வரவும் தங்களை வெளியேற்றிவிடுமென்று 2016 முதல் குடியிருப்பாளர்கள் பலர் போராடினர்.