அடுக்களையில் இருந்த கணக்கு

சில வாரங்களுக்கு முன்னர், ரொறன்ரோவில் வாழும் பழைய நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். ஊர்ப் புதினங்கள் பேசி முடிந்ததும் மெல்ல விடயத்துக்கு வந்தார். "பேத்திக்கு ஐந்து வயது. கணக்குக்கு இப்பவே ரியூசன் விடவேணும் எண்டு மகள் நிற்கிறாள். தனக்குக் கணக்கு ஓடாதாம், தான் என்னத்தைச் சொல்லிக் குடுக்கிறது எண்டு கேட்கிறாள். நீர் என்ன சொல்லுறீர்?"

உடனே விடை கூற என்னால் முடியவில்லை. ஆனால் அந்தக் கேள்வி மனதைவிட்டு அகலவுமில்லை. சிறு பிள்ளைக்கு எண் கற்பிப்பது வீட்டுக்கு அப்பாற்பட்ட வேலை என்ற எண்ணம் நம்மிடையே எப்போது குடிபுகுந்தது? தமிழர் கணக்குப் படித்த கதையைச் சற்றுப் பின்னோக்கிப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்கக்கூடும்.

பழைய திண்ணைப் பள்ளியில் பிள்ளை முதலில் மணலில் விரலால் எழுதினான். கை பழகிய பின்னரே ஓலையும் எழுத்தாணியும் வந்தன. எண்ணறிவுக்கென அவன் மனனம் செய்தவற்றுள் முதன்மையானவை பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி என்பன. முதலிரண்டின் பெயர்களைக் கவனியுங்கள். ஒன்று பொன்னின் பெயரைச் சுமக்கிறது. மற்றது நெல்லின் பெயரை. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி என்று நெல்லிலக்கம் கலம்வரை ஏறிச் செல்லும். பிள்ளை திண்ணையில் பாடமாக ஒப்புவித்ததை வீட்டு முற்றத்தில் நெல் அளக்கையில் கண்ணால் கண்டான்.

பின்னங்களிலும் இவ்வாறே. மா என்பது இருபதில் ஒன்று. அதன் கால் பங்கு காணி, அதாவது எண்பதில் ஒன்று. காணியின் கால் பங்கு முந்திரி, முந்நூற்று இருபதில் ஒன்று. மாவையும் காணியையும் கூட்டினால் வருவது எண்பதில் ஐந்து, அதாவது பதினாறில் ஒன்று. அதற்கு நம் முன்னோர் இட்ட பெயர் மாகாணி. கூட்டலின் விடையே பெயராக நிற்கிறது! இதனையே வீசம் என்றும் வழங்கினர். யாழ்ப்பாணத்தில் பதினாறு பரப்பு ஓர் ஏக்கர் என்பது பலரும் அறிந்தது. ஆக, ஒரு பரப்பு என்பது ஏக்கரின் வீசம்.

இதைக் கூறுவதால் திண்ணைப் பள்ளியைப் பொற்காலமாக நான் காட்ட முயல்வதாக எவரும் எண்ணவேண்டாம். அங்கே பிரம்பு இருந்தது. பொருள் விளங்காத மனனமும் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, பெண்பிள்ளைகளுக்கும் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கும் அந்தத் திண்ணையில் பெரும்பாலும் இடமிருக்கவில்லை.

ஆயினும், திண்ணையில் ஏறாத அந்தப் பெண்களே வீட்டின் வரவு செலவைத் தம் கையில் வைத்திருந்தார்கள். அவர்கள் எங்கே கணக்குப் படித்தார்கள்? அடுக்களையிலும் முற்றத்திலுந்தான். நாலு சுண்டு ஒரு கொத்து என்பதை எந்த ஆசிரியரும் எங்கள் ஆச்சிமாருக்குக் கற்பிக்கவில்லை. எத்தனை பேருக்கு எத்தனை சுண்டு அரிசி போடுவது, அதில் பிடியரிசியாக எவ்வளவு எடுத்து வைப்பது, விருந்தினர் இருவர் வந்தால் எவ்வளவு கூட்டுவது என்பனவெல்லாம் நாள்தோறும் அவர்கள் செய்த கணக்குகள்.

விளையாட்டுகளும் இந்தப் பாடத்தின் பகுதிகளே. பல்லாங்குழியில் பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு குழிகள். ஒரு குழியில் நான்கு காய்கள் சேர்ந்தால் அது 'பசு'. அந்த நான்கை விரலால் எண்ணாமலே கண் கண்டுகொள்ளும். கொக்கான் வெட்டும்போது, ஐந்து கல் ஆட்டத்தில் ஒரு கல்லை மேலே எறிந்துவிட்டு, கீழே உள்ள நான்கையும் ஒவ்வொன்றாக அள்ளவேண்டும், பிறகு இரண்டிரண்டாக, பிறகு மூன்றும் ஒன்றுமாக, இறுதியில் நான்கையும் ஒன்றாக. நான்கு என்ற எண் எத்தனை விதமாகப் பிரியும் என்பதைக் கரும்பலகை இன்றியே கை கற்றுக்கொள்கிறது.

இந்த நிலை ஒரே நாளில் மாறிவிடவில்லை. 1816 இல் அமெரிக்க மிசனரிமார் யாழ்ப்பாணத்தில் பணி தொடங்கினர். 1823 இல் வட்டுக்கோட்டையில் செமினரி எழுந்தது. அங்கே கற்ற சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும், 1857 இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாயினர். 1872 இல் இலங்கை ரூபாய் நூறு சதமாக வகுக்கப்பட்டது. 1945 இல் வந்த இலவசக் கல்வி ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் பள்ளியின் வாயிலைத் திறந்தது. இவையெல்லாம் நாம் பெற்ற பேறுகள். அவற்றை எவரும் குறைகூற முடியாது.

ஆனால் இந்த ஏற்றத்தோடு ஓர் இழப்பும் சத்தமின்றி நிகழ்ந்தது. பள்ளிக் கணக்கு ஒரு மொழி பேசியது. வீட்டு அளவை வேறொரு மொழி பேசியது. பின்னர் கிலோவும் லீற்றரும் வந்து கொத்து, இறாத்தல், புசல் ஆகியவற்றை ஓரங்கட்டின. பொதியில் அடைத்த அரிசி வந்தபின் அளக்கும் வேலையே அருகியது. கணக்கு என்றால் அது பள்ளிக்கூடத்தில், கொப்பியில், பரீட்சைத் தாளில் இருப்பது என்று வீடு தன் கையைக் கழுவிக்கொண்டது. அந்த வெற்றிடத்தில்தான் ரியூசன் கொட்டில் எழுந்தது.

வீடு கைகழுவியது எவ்வளவு பெரிய பிழை என்பதை அண்மைக்கால ஆய்வுகள் காட்டுகின்றன. சூசன் லெவினும் சகாக்களும் சிக்காகோப் பகுதியில் 44 குழந்தைகளின் வீடுகளுக்குச் சென்று, பெற்றோரின் பேச்சைப் பதிவு செய்து, 2010 இல் முடிவுகளை வெளியிட்டனர். ஒவ்வொரு வீட்டிலும் மொத்தம் ஏழரை மணிநேரப் பதிவு. ஒரு வீட்டில் எண் சார்ந்த சொற்கள் நான்கே முறை ஒலித்தன. இன்னொரு வீட்டில் 257 முறை. எண்களை அதிகம் கேட்டு வளர்ந்த குழந்தைகளே, ஏறத்தாழ நான்கு வயதாகும்போது, 'ஐந்து' என்ற சொல் எவ்வளவைக் குறிக்கிறது என்பதை நன்கு அறிந்திருந்தனர். ஒன்று, இரண்டு என்று வெறுமனே ஒப்புவிப்பதைவிட, கண்முன்னே இருக்கும் பொருளை எண்ணிக் காட்டுவதே கூடிய பயன் தருகிறது என்பது அடுத்து வந்த ஆய்வின் முடிபு.

2008 இல் கீதா ரமணியும் ரொபேர்ட் சீக்லரும் வெளியிட்ட ஆய்வில், வறிய குடும்பத்துச் சிறுவர்கள் ஒன்று முதல் பத்துவரை வரிசையாக எண்ணிட்ட கட்டங்களில் காய் நகர்த்தி விளையாடினர். சில நாட்கள், சில நிமிடங்களே. அவர்களின் எண்ணறிவு உயர்ந்தது. ஒன்பது வாரங்களின் பின்னரும் அது நிலைத்திருந்தது. எண்ணுக்குப் பதில் நிறம் தீட்டிய கட்டங்களில் விளையாடியோருக்கு அந்தப் பயன் கிட்டவில்லை. நம் வீட்டுப் பாம்பும் ஏணியும் செய்யக்கூடிய வேலை இதுவே.

மூன்றாவது செய்தி சற்றுக் கசப்பானது. 2015 இல் எரின் மலோனியும் சகாக்களும் கண்டது இது: கணக்குக்கு அஞ்சும் பெற்றோர் வீட்டுவேலையில் அடிக்கடி உதவப் புகுந்தால், அவர்களின் பிள்ளைகள் அவ்வாண்டில் குறைவாகவே கற்றனர், கணக்குப் பற்றிய அச்சமும் அவர்களிடம் கூடியது. "எனக்குக் கணக்கு ஓடாது" என்பதை நாம் பணிவென்று கருதுகிறோம். பிள்ளையோ அதை ஒரு பரம்பரைச் சொத்தாகப் பெற்றுக்கொள்கிறது.

இவ்வளவும் யோசித்த பின் நண்பரை மீண்டும் அழைத்தேன். "ரியூசன் இப்ப வேண்டாம். கொப்பியை மூடிவைக்கச் சொல்லும். பிள்ளையை அடுக்களைக்குள் விடச் சொல்லும்" என்றேன். அரிசியைப் பேணியால் அளக்கட்டும். கோப்பைகளை ஆளுக்கொன்றாக வைத்து, ஒன்று குறைந்தால் தானே சொல்லட்டும். தோசையை அரையாகவும் காலாகவும் பிய்க்கட்டும். படியேறும்போது எண்ணட்டும். பிழைத்தால் உடனே திருத்தாமல், "எப்படி எண்ணினாய்?" என்று தாய் கேட்கட்டும். தன் அச்சத்தைப் பிள்ளைமுன் மட்டும் வாய்விட்டுச் சொல்லாதிருக்கட்டும். இதற்குப் பெரிய கணித அறிவு எதுவும் வேண்டியதில்லை. பள்ளிக்கே போகாத நம் ஆச்சிமாரிடம் இருந்த அறிவு போதும்.

நண்பர் சிறிதுநேரம் மௌனமாக இருந்தார். பின்னர், "கொக்கானுக்கு இஞ்சை கல்லுத் தேடவேணும். எல்லா இடமும் பனி" என்றார்.

புளியங்கொட்டையும் போதும் என்றேன்.