பள்ளி வாயிலும் புகையிலைக் கடையும்



ஆங்கிலேயர் 'செரூட்' என்று வழங்கும் சொல் நம்முடைய 'சுருட்டு' என்னும் சொல்லின் திரிபாகும். பதினேழாம் நூற்றாண்டிலேயே அச்சொல் அவர்கள் மொழியிற் புகுந்துவிட்டது. பின்னர், பத்தொன்பதாம் நூற்றாண்டில், திருச்சிராப்பள்ளியிலும் திண்டுக்கல்லிலும் செய்த சுருட்டுக்கள் கப்பலேறிச் சீமைக்குச் சென்று பெயர் பெற்றன.

ஆயினும் புகையிலை நம் நாட்டுச் செடியன்று. அமெரிக்கக் கண்டத்துக்குரிய அதனைப் போர்த்துக்கேசியர் இங்குக் கொணர்ந்தனர். 1604-ஆம் ஆண்டையொட்டிப் பிஜப்பூரிலிருந்து திரும்பிய அஸத் பேக் என்பவர் அதனை அக்பர் சக்கரவர்த்தியின் திருமுன் வைத்தார். அரண்மனை வைத்தியர் வேண்டாமென்று தடுத்தார். பிரபுக்களோ விரும்பி ஏற்றனர். 1617-இல் ஜஹாங்கீர் விதித்த தடையும் நிலைபெறவில்லை.

இவ்வாறு வேரூன்றிய பழக்கம் இளைஞரை அணுகாதபடி காத்து நின்றது மரியாதை என்னும் வேலி ஒன்றே. தந்தையார் முன்னிலையிலும் ஆசிரியர் முன்னிலையிலும் இளையோர் புகைப்பதில்லை. ஆனால் இந்த வேலியில் ஒரு குறை இருந்தது. அது பழக்கத்தை விலக்கக் கற்பித்ததைக் காட்டிலும், மறைக்கவே மிகுதியாகக் கற்பித்தது. தடித்த சுருட்டை மறைத்தல் அரிது. அதன் நெடியே காட்டிக் கொடுத்துவிடும். சிறிய பீடியும் சிகரெட்டும் ஒவ்வொன்றாய்ச் சில்லறைக்குக் கிடைக்கத் தொடங்கியபின், மாணாக்கனின் சட்டைப் பையே அவற்றுக்குப் போதுமான மறைவிடமாயிற்று.

வழக்கம் தளர்ந்த இடத்திற் சட்டம் வந்தது. பதினாறு வயதுக்குட்பட்டோருக்கு சிகரெட் விற்கலாகாது என்று பிரிட்டனில் 1908-இல் விதித்தனர். அதனை அடியொற்றிப் பஞ்சாபில் 1918-இலும் வங்காளத்தில் 1919-இலும் இளையோர் புகைத்தல் பற்றிய சட்டங்கள் இயற்றப்பட்டன. இவற்றில் நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு: குற்றத்தின் பொறுப்பு சிறுவன்மேல் வைக்கப்படாது, அவனுக்கு விற்றவன்மேல் வைக்கப்பட்டது.

நாடு முழுமைக்குமாக 2003-இல் ஏற்பட்ட சட்டமும் அவ்வழியே சென்றது. பதினெட்டு வயது நிரம்பாதவருக்குப் புகையிலைப் பொருள்களை விற்கலாகாது. கல்வி நிலையத்திலிருந்து 100 கஜத்துக்குள் எவருக்குமே விற்கலாகாது. மீறியவருக்கு அபராதம் 200 ரூபாய் வரை. இது போதாதென்பதை உணர்ந்தாற்போல, 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், குழந்தைக்குப் புகையிலைப் பொருளையோ மதுவையோ போதைப் பொருளையோ கொடுப்பவருக்கு 7 ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடமளித்தது. 2019-இல் மின்னணுச் சிகரெட்டும் தடுக்கப்பட்டது.

அதே 2019-இல் 13 முதல் 15 வயது வரையுள்ள மாணாக்கரிடையே நாடெங்கும் ஆய்வு நடத்தினர். நூற்றுக்கு 8.5 பேர் அப்போது ஏதேனும் ஒரு வடிவிற் புகையிலையைப் பயன்படுத்தி வந்தனர். அதனினும் வருந்தத்தக்க செய்தி, பீடி பிடித்திருந்தோரில் 47 விழுக்காட்டினர் பத்து வயது நிரம்புமுன்பே அதனைத் தொடங்கியிருந்தனர் என்பது. ஆகவே, உயர்நிலைப் பள்ளியிற் சேர்ந்தபின் எச்சரிப்பது பலருக்குக் காலங் கடந்த எச்சரிக்கையேயாகும்.

பிற மாநிலங்களில் வாழும் நம்மவர் இங்கு மற்றொன்றையும் உளங்கொள்ளல் வேண்டும். சுருட்டு, பீடி, மூக்குப்பொடி ஆகியவற்றை நாம் கண்டவுடன் அறிவோம். பீகாரில் சுண்ணாம்புடன் கசக்கி உதட்டினுள் அடக்கும் கைனியையும், மகாராஷ்டிரத்திற் பல் துலக்கும் பொடிபோல் வழங்கும் மிஷ்ரியையும், குஜராத்திற் பாக்குடன் கலந்து விற்கும் மாவாவையும் அவ்வாறே அறிவோமா? இவற்றிற் புகையுமில்லை, புகையின் நெடியுமில்லை. நம் பிள்ளைகளோ அவ்வூர்ப் பேச்சைத் தோழரிடம் கற்பதுபோல் அவ்வூர்ப் பழக்கங்களையும் தோழரிடமே கற்கின்றனர்.

எனவே, குடியேறிய ஊரில் வழங்கும் இப்பொருள்களின் பெயரையும் தோற்றத்தையும் பெற்றோர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். பள்ளி வாயிலிலிருந்து நூறு கஜத் தொலைவை ஒருமுறை நடந்து பார்த்தலும் நன்று. அங்கே புகையிலைக் கடை இருக்குமாயின், பள்ளித் தலைவரிடம் முறையிடச் சட்டம் நமக்குத் துணை நிற்கிறது. பையனைக் கடிந்தால் அவன் மறைக்கக் கற்பான். அதை நம் பழைய வேலியே காட்டிவிட்டது. விற்பவனைத் தடுப்பதும், பையனோடு மறைவின்றிப் பேசுவதும் சேர்ந்தே நடைபெறல் வேண்டும்.