வருகைக் கட்டுப்பாடு: வாளையாரும் குமுளியும்

வருகைக் கட்டுப்பாடு என்பது ஒரு சேவை முனைக்கு எத்தனை பேர், எப்போது வரலாம் என்பதை முன்கூட்டியே வரையறுத்து நெரிசலைத் தணிக்கும் முறை. வரிசைக் கோட்பாட்டின் ஒரு கிளையாகிய இதன் வேர், கோபன்ஹேகன் தொலைபேசி அழைப்புகளைப் பற்றி ஏ. கே. எர்லாங் 1909இல் எழுதிய கட்டுரையில் இருக்கிறது. 1969இல் பின்ஹாஸ் நாவோர் ஒரு சுவையான உண்மையை நிறுவினார்: வரிசையில் சேருபவர் தன் காத்திருப்பை மட்டுமே எண்ணுகிறார், தன்னால் பின்னால் நிற்பவருக்கு நேரும் தாமதம் அவர் கணக்கில் வருவதில்லை. அதனால் வரிசை, ஊருக்கு நல்லதான அளவைத் தாண்டி நீண்டுவிடக்கூடும். இதற்கு அவர் சொன்ன மருந்து கட்டணம்.

தமிழ்நாடு–கேரள எல்லையிலுள்ள வாளையாரில் இந்தப் பிரச்சினைக்கு வயது குறைவுதான். பாலக்காடு அடங்கிய மலபார் மாவட்டம் 1956 அக்டோபர் வரை சென்னை மாநிலத்தில் இருந்ததால், வாளையார் அப்போது மாநில எல்லையே அல்ல. இடுக்கி மாவட்டத்துக் குமுளிதான் பழைய எல்லை, அதற்கப்பால் திருவிதாங்கூர். பின்னாளில் வாளையார் வணிகவரிச் சாவடியில் லாரிகள் நீண்ட வரிசையில் காத்துக் கிடந்தன. 2017 ஜூலை 1இல் ஜி.எஸ்.டி. வந்து அந்தச் சோதனையை நீக்கியது.

நன்கு பதிவான அத்தியாயம் 2020 மே மாதத்துடையது. கொரோனா ஊரடங்கில் பிற மாநிலங்களில் சிக்கிய மலையாளிகள் மே 4 முதல் வாளையார், குமுளி உள்ளிட்ட ஆறு சாவடிகள் வழியே திரும்பலாம் என்றானது. இணையத்தில் பதிந்தால் எந்தச் சாவடி, எந்த நாள் என்று குறித்துப் பாஸ் வரும். ஏட்டளவில் அருமையான ஏற்பாடு. ஆனால் தமிழ்நாட்டிலிருந்து கிளம்ப ஒரு பாஸ், கேரளத்துக்குள் நுழைய இன்னொரு பாஸ். இரண்டும் ஒரே நேரத்தில் கைக்கு வரவேண்டுமே! மே 9 வாக்கில் கேரள பாஸ் இல்லாத நூற்றுக்கணக்கானோர் வாளையாரில் தடுக்கப்பட்டனர்.

வரிசைக் கோட்பாட்டின் எளிய சூத்திரங்களில், மறுக்கப்பட்டவர் கணக்கிலிருந்தே மறைந்துவிடுவார். வாளையாரில் அவர் சாலையோரத்திலேயே நின்றார்.

பாஸ் இல்லாமல் விட்டால் தனிமைப்படுத்தல் குலையும் என்றது கேரள அரசு. வந்து நிற்பவரைத் திருப்பக் கூடாது என்றது எதிர்க்கட்சி. தவறு திட்டத்திலா, பொறுமையிழந்த பயணிகளிடமா என்பதில் கருத்து ஒன்றுபடவில்லை. மே 10 ஞாயிறன்று சிறப்பாகக் கூடிய கேரள உயர்நீதிமன்றம், அங்கே சிக்கியோருக்குப் பாஸ் வழங்கச் சொன்னது. மற்றவர்களுக்கு அது பொருந்தாது என்றும் வரையறுத்தது. வாளையாரில் சிக்கியிருந்தவர்களில் ஒருவருக்குத் தொற்று உறுதியானதும், ஆதரவு சொல்லப் போயிருந்த மூன்று எம்.பி.க்களும் இரண்டு எம்.எல்.ஏ.க்களும் தனிமைக்குப் போகவேண்டியதாயிற்று.

குமுளிப் பக்கம், சபரிமலைக் காலத்தில் தேனி மாவட்டக் காவல்துறை வேறொரு உத்தியைக் கையாள்கிறது: போகிற வண்டிகள் கம்பம்மெட்டு வழியே, திரும்புகிறவை குமுளி வழியே.

முன்பதிவுப் பாஸ் முறை சுற்றுலாவுக்கும் பரவி, இடுக்கியை ஒட்டிய கொடைக்கானலுக்கு 2024 மே மாதம் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் முதல், வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000 சுற்றுலா வாகனங்கள் என்று சென்னை உயர்நீதிமன்றம் வரம்பிட்டது. அரசுப் பேருந்துகளுக்கு விலக்கு இருந்தது.