குளியல் தொட்டியில் பிக்காசோ: வீட்டுப் படங்களை வரலாறாக வாசிக்கலாமா?



வரலாற்றுப் பாடத்தில் பழைய புகைப்படங்களைக் காட்டுகிறோம். "படம் பொய் சொல்லாது" என்று மாணவர்களும் நம்பிவிடுகிறார்கள். அது சரிதானா? ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்க.

1956 பிப்ரவரி. தென் பிரான்சின் கான் நகரில் ஓவியர் பாப்லோ பிக்காசோவின் 'லா கலிஃபோர்னி' வீட்டுக்கு டேவிட் டக்ளஸ் டங்கன் வருகிறார். கொரியப் போரைப் படமெடுத்துப் புகழ் பெற்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் அவர். துணைவி ஷாக்லின் அவரை நேரே மாடிக்கு அழைத்துப் போகிறார். அங்கே 74 வயது பிக்காசோ குளித்துக்கொண்டிருக்கிறார்! முதல் சந்திப்பே குளியல் தொட்டியில்தான். படம் எடுக்கவும் சம்மதம் கிடைக்கிறது.

அன்று தொடங்கிய நட்பு 1973-இல் பிக்காசோ இறக்கும்வரை நீடித்தது. டங்கன் ஆயிரக்கணக்கில் படம் எடுத்தார். நாற்காலியில் உட்காரவைத்து எடுத்தவை அல்ல, வீட்டோடு வீடாக இருந்து எடுத்தவை.

இவற்றால் நமக்கு என்ன லாபம்? ஒரு கலைஞர் வேலை செய்யும் விதம் தெரிகிறது. 1957-இல் பிக்காசோ மீன் சாப்பிடுகிறார். முள்ளைச் சுத்தமாக எடுக்கிறார். பிறகு அதை ஈரக் களிமண்ணில் அழுத்தி, அந்த அச்சைத் தட்டில் பதிக்கிறார். சாப்பாட்டு மேசைக்கும் கலைக்கும் எவ்வளவு தூரம்னு நினைக்கிறீங்க? ஒரு மீன் முள் தூரம்தான்!

டங்கன் கொண்டுவந்த லும்ப் என்ற குட்டைக்கால் நாயும் அங்கேயே தங்கிவிட்டது. ஸ்பானிய ஓவியர் வெலாஸ்கெஸின் 'லாஸ் மெனினாஸ்' ஓவியத்தை 1957-இல் பிக்காசோ தம் பாணியில் பலமுறை வரைந்தார். மூலத்தில் இருந்த பெரிய நாயின் இடத்தில் லும்ப் வந்து நின்றது. இந்த ஓவியங்களை இன்றும் பார்சிலோனா பிக்காசோ அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

இனி மறுபக்கம். பிள்ளைகள் குளோத், பலோமா இருவரோடும் பிக்காசோ விளையாடும் படங்களும் உண்டு. பார்த்தால் பாசமுள்ள அப்பா. ஆனால் அவர்களின் தாய் பிரான்சுவாஸ் ஜீலோ 1953-இலேயே பிக்காசோவை விட்டுப் பிரிந்துவிட்டார். 1964-இல் அவர் தம் வாழ்க்கையைப் புத்தகமாக வெளியிட்டார். பிக்காசோ தடை கேட்டு நீதிமன்றம் போய்த் தோற்றார். அதன்பின் அந்தப் பிள்ளைகளையே பார்க்க மறுத்தார்.

அப்படியென்றால் படம் பொய்யா? இல்லை. அந்த நேரத்துச் சிரிப்பு உண்மைதான். ஆனால் டங்கன் அந்த வீட்டின் விருந்தாளி, நண்பர். கதவு திறந்த நேரத்தில் கண்டதைத்தான் எடுத்தார். மூடிய நேரத்துக்குப் படம் இல்லை. அதைச் சொல்ல ஜீலோவின் புத்தகம் வேண்டியிருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் வரலாறு.

ஆகவே எந்தப் படத்தைக் காட்டினாலும் மாணவர்களிடம் மூன்று கேள்விகள் கேளுங்க:

1. இதை எடுத்தவர் யார்? படத்தில் இருப்பவருக்கு அவர் என்ன உறவு?
2. எடுக்க அனுமதித்தவர் யார்?
3. படத்தில் இல்லாதவர் யார்?

பயிற்சிக்கு பிக்காசோகூடத் தேவையில்லை. வீட்டுத் தீபாவளிப் படம் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லுங்க. மூன்றாவது கேள்விக்குப் பல பிள்ளைகள் "அம்மா" என்பார்கள். சமையலறையில் இருந்திருப்பார், இல்லையென்றால் கேமராவைப் பிடித்திருப்பார். ஆதாரத்தைக் கேள்வி கேட்கும் பழக்கம் அங்கேயே தொடங்கட்டும்.