சுயேச்சைக் கப்பலோட்டி (விண்வெளிப் பாத்திர விளையாட்டு)

பலர் ஒருங்கே கூடி இணையவழியில் ஆடும் விண்வெளிப் பாத்திர விளையாட்டுகளில், எந்தப் பேரரசுக்கும், வணிக ஸ்தாபனத்துக்கும், கொள்ளைக் கூட்டத்துக்கும் விசுவாசப் பிரமாணம் செய்யாமல், தன் ஒற்றைக் கப்பலையும் தன் வாக்கையுமே மூலதனமாகக் கொண்டு பிழைக்கும் பாத்திரம் சுயேச்சைக் கப்பலோட்டி எனப்படும். ஓசூரில் எந்தக் கம்பெனியோடும் ஒப்பந்தம் இல்லாமல், கிடைத்த லோடை ஏற்றிக்கொண்டு ஜூஜூவாடி எல்லையைக் கடக்கும் சொந்த லாரிக்காரரின் நிலைமையே இவருடையதும்: யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை, வண்டி வழியில் நின்றுவிட்டால் கேட்க நாதியும் இல்லை.

இப்பாத்திரத்தின் வம்சாவளி இணையத்துக்கு முற்பட்டது. மார்க் மில்லர் வகுத்து 1977-இல் வெளிவந்த ‘டிராவலர்’ என்னும் மேசை விளையாட்டிலேயே, படைச் சேவையை விட்டு விலகி, தவணைக் கடனில் வாங்கிய சரக்குக் கப்பலோடு நட்சத்திரம் விட்டு நட்சத்திரம் அலைபவர்கள் உண்டு. டேவிட் பிரேபனும் இயன் பெல்லும் இயற்றி, 1984-இல் பிபிசி மைக்ரோ கணினிக்கு வந்த ‘எலீட்’, ஆட்டக்காரர் கையில் 100 கிரெடிட்டும் ஒரு கோப்ரா கப்பலும் கொடுத்து, இன்னது செய்க என்று ஏவாமல், தலா 256 உலகங்கள் கொண்ட எட்டு அண்டங்களில் அவரை விட்டுவிட்டது.

பலர் கூடும் உலகில் அத்தகைய சுதந்திரம் நிபந்தனையோடுதான் கிடைக்கிறது. 2003-இல் வந்த ‘ஃப்ரீலான்சர்’ விளையாட்டை ரசிகர்கள் விரித்தமைத்த ‘டிஸ்கவரி’ வடிவத்தில், கப்பலில் பொருத்தும் அடையாளச் சீட்டே அதன் ஓட்டுநர் யாரைச் சுடலாம், யாரைச் சுடலாகாது என்பதைத் தீர்மானிக்கிறது. சுயேச்சைக்கும் ஒரு சீட்டு உண்டு. ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம் 2003 மே 6 அன்று தொடங்கிய ‘ஈவ் ஆன்லைன்’ இன்னும் கண்டிப்பானது: ஆட்டக்காரர்களின் ஸ்தாபனத்தை விட்டு விலகுபவரைக் கணினி நடத்தும் ஸ்தாபனம் ஒன்று தானே சேர்த்துக்கொண்டு, அவர் வருமானத்தில் வரி பிடிக்கிறது. அதற்குப் பிரதியாக, பிறர் அவர்மீது முறைப்படி யுத்தப் பிரகடனம் செய்ய இயலாது.

கட்சி சாராமை எப்போது மதிப்புப் பெறுகிறது என்பதற்கு அதே விளையாட்டில் சிறந்த உதாரணம் உண்டு. அங்கு மிகப் பெரிய கப்பல்களான டைட்டன்கள் நெடுங்காலம் எந்த நிலையத்திலும் அணைய முடியாதவையாக இருந்தமையால், அவற்றைச் சந்தையில் வைத்து விற்க வழியில்லை. விற்பவர் நடுவெளியில் கப்பலைவிட்டு இறங்க, வாங்குபவர் ஏறிக்கொள்ள வேண்டியிருந்தது. பணம் முந்தினால் கப்பல் வராது. கப்பல் முந்தினால் பணம் வராது. ஏமாற்றுவதும் அங்கே ஆட்டத்தின் ஒரு பகுதியே! இந்நிலையில், ‘க்ரிபா’ என்ற பெயரில் ஆடிய ஒருவர், சிறு ஸ்தாபனம் ஒன்றைத் தாமே வைத்துக்கொண்டு எக்கட்சியிலும் சேராமல், போருக்கென்றே செய்த பெருங்கப்பலைக் கொண்டு மலிவான தாதுப்பாறையை வெட்டுவதில் பொழுதைப் போக்கியவர், ஒருவரையொருவர் அழிக்கத் துடித்த கூட்டணிகளுக்கிடையே மத்தியஸ்தராக நின்று, கப்பலும் பணமும் உரியவர் கைக்குச் சேரச் செய்து கூலி பெற்றார். எத்தனையோ பேர் ஏமாற்றிச் செல்வம் சேர்த்த உலகில், ஏமாற்றாமை ஒன்றே அவருக்குத் தொழிலாயிற்று.

2014-இல் வெளிவந்த ‘எலீட் டேஞ்சரஸ்’ விளையாட்டில், எரிபொருள் தீர்ந்து தவிப்பவரைக் கட்சி பாராது சென்று காக்கும் ‘ஃப்யூயல் ராட்ஸ்’ என்னும் தொண்டர் கூட்டமும் இவ்வினத்தைச் சேர்ந்ததே.

இதற்கு மாறாக, காலையில் வணிகன், மாலையில் கொள்ளைக்காரன், இரவில் கூலிப்படை என்று லாபம் கண்ட பக்கமெல்லாம் சாய்வதற்குச் சுயேச்சை என்ற பெயரைக் கேடயமாக்குவோரும் உண்டு. அதனால்தான் பாத்திர நடிப்பில் ஊன்றிய அரங்குகளில் இப்பெயரைக் கேட்டதும் பிறர் முகம் சுளிக்கிறார்கள். புதிதாக இப்பாத்திரத்தை எடுப்பவர், கப்பலைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே, எவ்வளவு கூலி கொடுத்தாலும் தம் பாத்திரம் செய்ய மறுக்கும் காரியங்கள் எவையென்று எழுதி வைத்துக்கொள்வது நலம்.